மட்டில்டாவுக்கு எந்தப் படம்?

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். நாலைந்து வருடமாகப் போர் டாங்கிகளின் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மாடல் செய்கிறவன், கை சுத்தம். "அண்ணே, மட்டில்டா டாங்கி கிட் வந்துருச்சு. பக்கத்துல நம்ம இந்திய சிப்பாய் நாலு பேரை நிக்க வைக்கணும். டரெட் மேல அந்த இத்தாலிக் கொடி. எந்தப் படத்தைப் பார்த்துப் பண்ணட்டும்?"

டரெட் என்பது டாங்கியின் மேலே பீரங்கியோடு சுழலும் கூடு. கேள்வி சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அதில் ஒரு சிக்கல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அவன் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அதை எதில் போடுவது என்பதுதான் அவனுக்கு உண்மையான குழப்பம். ஆவணக் காப்பகத்தில் ஒரு நல்ல ஸ்கேன் வாங்கலாம். ஜெர்மன் சிப்பாய்களின் ஆல்பங்களிலிருந்து விற்பனைக்கு வரும் அசல் போட்டோக்களை வாங்கலாம். அஹமத்நகருக்கு ரயிலேறி, அங்கே நிற்கும் மட்டில்டாவையே நேரில் பார்த்துவிடலாம். எதுவும் வேண்டாம் என்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றலாம். இந்த நான்கையும் நான் ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்தவன். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வண்டி. மட்டில்டா இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் காலாட்படைக்குத் துணையாகப் போன டாங்கி. முன்பக்கக் கவசம் 78 மில்லிமீட்டர். 1940-இல் இத்தாலியர்களிடம் இருந்த டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மொத்தம் 2,987 வண்டிகள் செய்தார்கள். 1940 டிசம்பர் 9-ஆம் தேதி காலையில், எகிப்துப் பாலைவனத்தில் நிபெய்வா என்ற இத்தாலிய முகாமைத் தாக்கியபோது 7-ஆம் ராயல் டாங்க் ரெஜிமென்ட்டின் மட்டில்டாக்கள் முன்னே போயின; 4-ஆம் இந்தியக் காலாட்படை டிவிஷனின் சிப்பாய்கள் பின்னே போனார்கள். அந்த டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் கம்பெனி ஒன்றும் இருந்தது. தம்பியின் ஆசைக்கு வேர் அங்கேதான்.

டாங்கியின் நீளம் சுமார் 5.6 மீட்டர். மாடலின் 1/35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கில், சரியாக 16 சென்டிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

அதிகாரபூர்வப் படங்கள்

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் படத் தொகுப்புதான் பிரிட்டிஷ் வண்டி செய்கிற எவருக்கும் முதல் வாசல். வட ஆப்பிரிக்காவில் ராணுவப் போட்டோகிராபர்கள் எடுத்தவை அங்கே 'இ' வரிசையில் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க வண்டி என்றால் மேரிலாந்தில் காலேஜ் பார்க்கிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஜெர்மன் வண்டி என்றால் கோப்லென்ஸிலுள்ள பூண்டெஸ்ஆர்கீவ் என்ற ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம்; அவர்கள் 2008 டிசம்பரில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா காமன்ஸுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தையும் மறக்கக் கூடாது. லிபியாவில் 1941-இல் சண்டை போட்டதில் பெரும்பங்கு ஆஸ்திரேலியர்களுடையது, அவர்களுடைய போட்டோகிராபர்களும் கூடவே இருந்தார்கள்.

இந்தப் படங்களின் பெரிய பலம் நெகட்டிவின் அளவு. அமெரிக்க ராணுவப் போட்டோகிராபர்கள் நிறையப் பேர் வைத்திருந்தது ஸ்பீட் கிராஃபிக் கேமரா, நெகட்டிவ் நான்குக்கு ஐந்து அங்குலம். பிரிட்டிஷ்காரர்கள் சூப்பர் ஐகான்டா போன்றவற்றில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவில் எடுத்தார்கள். ஜெர்மன் பிரசாரக் கம்பெனிகளில் லைக்கா அதிகம், அதாவது 35 மில்லிமீட்டர் ஃபிலிம். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் ஒரு போல்ட்டின் தலை போல்ட்டாகவே தெரியும். சிறிதாக இருந்தால் அது ஒரு கறுப்புப் புள்ளி.

இன்னொரு பலம், இவற்றில் தேதியும் இடமும் இருக்கும். எல்லாவற்றிலும் சரியாக இருக்காது. தணிக்கை அதிகாரிகள் படைப்பிரிவின் பெயரை விடச் சொல்வார்கள், வண்டியின் பக்கத்திலிருக்கும் அடையாளச் சின்னத்தைப் பிரிண்ட்டிலேயே சுரண்டி அழித்திருப்பார்கள். ஆனாலும் "தோப்ருக், 1941 ஜனவரி 24" என்று ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தேடிவிடலாம்.

அந்தத் தேதியை வேண்டுமென்றே சொன்னேன். லிபியாவில் இத்தாலியர்களிடமிருந்து தோப்ருக் துறைமுகம் விழுந்த கையோடு எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 'கிளெனார்க்கி' என்று பெயர் எழுதிய ஒரு மட்டில்டா, கைப்பற்றிய இத்தாலியக் கொடியைப் பறக்கவிட்டபடி நிற்கும். தம்பி சொன்ன கொடி இதுதான். இந்தப் பெயர் வெறும் அலங்காரம் இல்லை. 7-ஆம் ரெஜிமென்ட்டின் டாங்கிகளுக்கு ஆங்கில அகரவரிசையின் ஏழாவது எழுத்தான 'ஜி'யில் தொடங்கும் பெயர் வைப்பது வழக்கம். 4-ஆம் ரெஜிமென்ட் என்றால் நான்காவது எழுத்தான 'டி'. தணிக்கைக்காரர் எவ்வளவு சுரண்டியிருந்தாலும் பெயரின் முதல் எழுத்து தப்பித்திருந்தால் போதும், ரெஜிமென்ட் தெரிந்துவிடும். இந்த விஷயம் தெரிந்த நாளில் நான் பழைய படங்களையெல்லாம் எடுத்து வைத்து ராத்திரி முழுக்க எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

பலவீனமும் சொல்ல வேண்டும். அதிகாரபூர்வப் படங்களில் அரங்கேற்றம் உண்டு. 1942-இல் எல் அலமெய்னில், புகைக்கு நடுவே ஆஸ்திரேலிய வீரர்கள் எதிரி அரண் ஒன்றைப் பாய்ந்து பிடிப்பதாகச் சொல்லப்படும் படம் சண்டைக்களத்துக்குப் பின்னால் ஏற்பாடு செய்து எடுத்தது. ஆஸ்திரேலியப் போட்டோகிராபர் ஃபிராங்க் ஹர்லி முதல் உலகப்போரில் பல நெகட்டிவ்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கியவர். 1940-க்குப் பிறகு மத்தியக் கிழக்கில் ஆஸ்திரேலியப் படப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

வரலாற்று ஆசிரியருக்கு இது பெரிய குற்றம். நமக்கு அவ்வளவு இல்லை. நடிப்புக்காக ஓட்டிக் காட்டிய டாங்கியும் அசல் டாங்கிதான். அதன் ரிவெட், கருவிப்பெட்டி, செயின் வகை எல்லாம் உண்மை. எதை நம்பக் கூடாது என்றால், மேலே அடுக்கியிருக்கும் சாமான், ஆட்கள் நிற்கும் விதம், எழும்பும் தூசு. கேமராவுக்காக வண்டியைத் துடைத்திருக்கலாம், தார்ப்பாயைக் கழற்றியிருக்கலாம். ஆகவே வடிவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், காட்சி அமைப்புக்கு வேறு இரண்டு மூன்று படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்ணம் என்கிற பொறி

நம் ஆட்கள் அதிகமாக வழுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வண்ணத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முடியாது. ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு அதில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். பான்குரோமேட்டிக் ஃபிலிமில் எல்லா வண்ணமும் பதியும், ஆனால் முன்னால் மஞ்சள் ஃபில்டர் மாட்டியிருந்தால் வானம் இருண்டுவிடும், மணல் வண்ணப் பெயிண்ட் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். எந்த ஃபிலிம், எந்த ஃபில்டர் என்று படத்தின் பின்னால் யாரும் எழுதிவைக்கவில்லை. 4-ஆம் இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கழுகு. சிவப்பு தெரியாத ஃபிலிமில் அந்தக் கழுகு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெறும் கறுப்புச் சதுரம்தான் மிஞ்சும்.

ஜெர்மன் வண்டிகளில் இது எவ்வளவு பெரிய தவறுக்கு வழிவகுத்தது தெரியுமா? போரின் முதல் வருடத்து ஜெர்மன் டாங்கிகளான பான்சர்களை முழுக்க அடர்சாம்பல் வண்ணத்தில்தான் எல்லோரும் செய்துகொண்டிருந்தோம், பல பத்தாண்டுகளாக. பிறகு ராணுவ உத்தரவுக் காகிதங்களைத் தேடி எடுத்த ஆய்வாளர்கள், 1940 ஜூலை வரை சாம்பலில் மூன்றில் ஒரு பங்கு அடர்பழுப்பு அடிக்க வேண்டும் என்று விதி இருந்ததைக் காட்டினார்கள். இரண்டு வண்ணமும் ஒரே அளவு இருட்டு. படத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. ஆயிரக்கணக்கான போட்டோக்கள் இருந்தும் யார் கண்ணுக்கும் அது படவில்லை. தெரிந்த பிறகு பார்த்தால், நல்ல வெளிச்சத்தில் எடுத்த சில படங்களில் பழுப்புப் பட்டை மெல்லிசாகத் தெரியத்தான் செய்கிறது.

அமெரிக்க வண்டிகளில் இன்னொரு கதை. போரின் தொடக்க ஆண்டுகளில் பதிவு எண்ணைப் 'ப்ளூ டிராப்' என்ற மங்கலான நீலச்சாம்பலில் எழுதினார்கள். ஆலிவ் பச்சையின் மேல் அது படத்தில் விழவே விழாது. "இந்த ஷெர்மன் டாங்கிக்கு எண்ணே இல்லை, டெக்கால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்" என்று முடிவு செய்தவர்கள் எத்தனையோ பேர். எண் அங்கேதான் இருந்தது.

இப்போது மட்டில்டாவுக்கு வருவோம். 1940-41-இல் பாலைவனத்தில் இருந்த மட்டில்டாக்களுக்குக் 'கான்ட்டர்' திட்டம் என்று ஒரு மூவண்ணப் பூச்சு. பிரிகேடியர் கான்ட்டர் பெயரால் வந்தது. கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோடுகள், கூரிய கோணங்கள், வண்டியின் குறுக்கே சாய்ந்து போகும் பட்டைகள். பார்க்க அவ்வளவு அழகு. இந்த மூன்றில் ஒன்று வெளிர்நீலம் என்று ரொம்ப காலம் எல்லோரும் நம்பினார்கள். காரணம், அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்குப் பிற்காலத்தில் நீலம் அடித்து வைத்ததுதான். அதைப் பார்த்து மாடல் செய்தார்கள், அந்த மாடலைப் பார்த்துப் பெயிண்ட் கம்பெனிகள் வண்ணம் கலந்தன, பெட்டி அட்டையில் அந்த நீலம் வந்தது. பிறகு ஆவணங்களிலிருந்து தெரிந்தது வேறு: போர்ட்லாண்ட் ஸ்டோன், சில்வர் கிரே, ஸ்லேட். பிரிட்டிஷ் தர அட்டவணையில் 64, 28, 34. சில்வர் கிரே என்பது பச்சை கலந்த சாம்பல். நீலத்துக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நானும் நீலம் அடித்தவன்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த வண்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைத் திரும்ப அடிக்கவில்லை, அந்தக் காலத்தில் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதற்கு அதுவே ஆவணம்.

சரி, கறுப்பு வெள்ளைப் படம் வண்ணத்துக்கு உதவாது என்றால் எதற்கு உதவும்? எல்லைக்கோட்டுக்கு. ஸ்லேட் பட்டை எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, டரெட்டில் ஏறும்போது கோணம் எப்படி மாறுகிறது, இதையெல்லாம் போர்க்காலப் படம் மட்டுமே சொல்லும். ஆவணக் காகிதம் வண்ணத்தின் பெயரைச் சொல்லும், பெயிண்ட் அடித்தவன் அந்த வண்டியில் கோட்டை எங்கே இழுத்தான் என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

வண்ணமேற்றிய பழைய படங்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. தயவுசெய்து அவற்றை வைத்துப் பெயிண்ட் கலக்காதீர்கள். வண்ணமேற்றுகிறவர் வண்ணத்தை எங்கிருந்து எடுத்தார்? பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் செய்த மாடல்களிலிருந்து. பழைய தவறு ஒரு சுற்றுச் சுற்றி நம்மிடமே சான்றாக வந்து நிற்கும். கம்ப்யூட்டர் தானே 'தெளிவாக்கி'த் தரும் படங்கள் இன்னும் ஆபத்து. ஒரு சிறிய படத்தை அப்படிப் பெரிதாக்கியபோது வண்டி எண்ணில் இருந்த 3 அழகான 8 ஆகிவிட்டது. மங்கலாக இருந்தபோது எனக்குச் சந்தேகமாவது இருந்தது. தெளிவான பிறகு அதுவும் போய்விட்டது. பெட்டிக்குள் கிடந்த பழைய பிரிண்ட்டைத் தற்செயலாக எடுத்துப் பார்த்ததால் தப்பித்தேன்.

சிப்பாய்களின் ஆல்பம்

ஜெர்மன் சிப்பாய்களில் நிறையப் பேர் கேமராவோடு போருக்குப் போனார்கள். அவர்கள் கடந்து போன வழியில் செயலிழந்து கிடந்த எதிரி டாங்கிகளின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 1940 மே 21-இல் பிரான்சில் அராஸ் அருகே நடந்த எதிர்த்தாக்குதலில் 16 மட்டில்டாக்கள் கலந்துகொண்டன. அங்கே விட்டுவந்தவையும், பிறகு பாலைவனத்தில் பிடிபட்டவையும் இப்படித்தான் ஆல்பங்களுக்குள் போயின.

இவற்றின் அருமை என்னவென்றால், அதிகாரபூர்வப் போட்டோகிராபர் எடுக்காத கோணங்கள் இவற்றில் கிடைக்கும். அவர் வண்டியை முன்பக்கம் முக்கால் கோணத்தில், கம்பீரமாக எடுப்பார். சிப்பாய் பின்பக்கம் ஏறி இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்திருப்பார். திறந்து கிடக்கும் கதவு, கழன்று விழுந்த பக்கத்தகடு, உள்ளே தெரியும் சஸ்பென்ஷன். மட்டில்டாவின் பக்கத்தகடு எல்லாவற்றையும் மூடிவிடும். மேல்பக்கம் செயின் உருளைகளின் மேல் ஓடுகிறதா, சறுக்குத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறதா என்பது தயாரிப்பின் தொடக்க காலமா பிற்காலமா என்பதைக் காட்டும். ஒரு முறிந்த வண்டியின் படம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் தம்பியிடம் இதில் பணம் போடாதே என்றுதான் சொன்னேன். விற்பனைப் பக்கத்தில் படத்தின் மேல் குறுக்கே எழுத்து ஓடும், சிறியதாக இருக்கும், பின்னால் "இங்கிலாந்து டாங்கி" என்பதற்கு மேல் எதுவும் எழுதியிருக்காது. வாங்கினால் கைக்கு வருவது பல நேரம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிரிண்ட். அதைவிட எனக்கு வலிப்பது வேறு. ஒரு குடும்பத்தின் ஆல்பம் முழுசாக இருக்கும்போது, முந்தின பக்கத்தில் ஒரு பாலம், அடுத்த பக்கத்தில் ஒரு தேவாலயம் என்று இடத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கும். விற்கிறவர்கள் அதைக் கிழித்து, டாங்கி இருக்கும் படத்தை மட்டும் தனித்தனியாக விற்கிறார்கள். ஒருமுறை கிழித்தால் அந்தத் தொடர்ச்சி போனதுதான். நாம் ஒவ்வொரு முறை தனிப்படம் வாங்கும்போதும் இன்னொரு ஆல்பம் கிழிபடக் காரணமாகிறோம். இப்படி ஒரு படம் நான் வாங்கியபோது, வண்டியின் ஓரத்தில் ஒரு மனிதர் கிடந்தது பிரிண்ட்டைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. விற்பனைப் படத்தில் அந்த ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் வாங்கவில்லை.

யாராவது முழு ஆல்பத்தை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருந்தால் அதை நன்றியோடு பயன்படுத்துங்கள்.

நேரில் நிற்கும் வண்டி

மகாராஷ்டிரத்தில் அஹமத்நகர், இப்போது அஹில்யாநகர். அங்கே ராணுவத்தின் கவச வாகன அருங்காட்சியகத்தில் மட்டில்டா, வாலண்டைன், சர்ச்சில் ஆகிய மூன்று பிரிட்டிஷ் டாங்கிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன. இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் வரை போகாமல் ஒரு மட்டில்டாவைத் தொடும் தூரத்தில் பார்க்க வழி இருக்கிறது என்பது பெரிய கொடுப்பினை.

நேரில் பார்த்தால் மட்டுமே புரிகிற விஷயங்கள் உண்டு. வார்ப்பு எஃகின் தோல் எப்படி இருக்கும் என்று எந்தப் படமும் சரியாகச் சொல்லாது. மட்டில்டாவின் மூக்கும் டரெட்டும் வார்ப்பு. கையை வைத்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும், பக்கத்தகடு வழவழப்பாக இருக்கும். பிளாஸ்டிக்கில் இரண்டும் ஒரே வழவழப்பு. கொஞ்சம் புட்டியைக் கரைத்து, முரட்டுப் பிரஷ்ஷால் மூக்கில் ஒற்றி எடுத்தால் அந்தத் தோல் வந்துவிடும். எவ்வளவு ஒற்றுவது என்பதைத்தான் உள்ளங்கை நினைவு வைத்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கே நிற்பது 1940-இல் நிபெய்வாவுக்குப் போன வண்டி இல்லை. அருங்காட்சியக வண்டி எதுவானாலும், போருக்குப் பிறகு பத்து முறையாவது பெயிண்ட் ஏறியிருக்கும். விளக்கு போயிருக்கும், கருவிப்பெட்டி மாறியிருக்கும், காணாமல் போன பாகத்துக்குப் பட்டறையில் தகடு வெட்டி ஒட்டியிருப்பார்கள். உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் மட்டில்டாக்களில் பல ஆஸ்திரேலியாவில் இருந்தவை. பசிபிக் காடுகளுக்காக அவர்கள் செய்த மாற்றங்கள் அவற்றில் இருக்கும். அவற்றின் படத்தைப் பார்த்துப் பாலைவன வண்டி செய்தால் தவறு. கான்ட்டர் நீலத்தின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

போகிறவர்கள் ஒரு அளவுகோலைப் படத்தில் தெரியும்படி வைத்து எடுங்கள். முழு வண்டியை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் கீல், பூட்டு, வெல்டிங், மூடியின் விளிம்பு இவற்றை எடுங்கள்.

நான் சொன்ன முடிவு

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை முதலில் முழுக்கப் பார்த்துவிடு என்றேன். எண்ணைக் குறித்துவை, படத்தைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே காப்பகத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிவை. பலர் இதைச் செய்வதில்லை, ஆறு மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தவிப்பார்கள். தேதி இல்லாத படங்களுக்கு வண்டியே சாட்சி சொல்லும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை பக்கவாட்டில் இருந்தால் அது 1941 நவம்பர், குரூசேடர் நடவடிக்கைக் காலம். அதை 1940-க்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரோ எண்ணோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்திலிருந்து பட்டையின் கோணத்தை எடுத்தால் முழு வண்டியும் இடவலம் மாறிவிடும்.

அப்புறம், போட்டோ எட்ச் எனும் மெல்லிய உலோகப் பாகங்களுக்கு எடுத்து வைத்த பணத்தை ஒரே ஒரு நல்ல ஸ்கேனுக்குக் கொடு. பக்கவாட்டில் நேராக எடுத்த, பட்டைகள் தெளிவாகத் தெரியும் ஒரு மட்டில்டாவின் படம். அதைத் துல்லியமாக 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு வண்டி வரும்படி காகிதத்தில் அச்சிடு. மாடலும் படமும் ஒரே அளவாகிவிடும். மேலே டிரேசிங் பேப்பரை வைத்துப் பட்டையின் விளிம்பைப் பென்சிலால் எடு. மட்டில்டாவின் பக்கத்தகட்டில் சேறு வழிந்து விழ ஐந்து திறப்புகள் இருக்கும். மூன்றாவது திறப்பின் எந்த ஓரத்திலிருந்து கோடு மேலே ஏறுகிறது என்று பார்த்தால் போதும், இடம் தப்பாது. டிரேசிங் பேப்பரை வெட்டி அதையே மாஸ்க்காக ஒட்டி ஏர்பிரஷ் அடிக்கலாம். படம் கொஞ்சம் கோணலாக எடுத்தது என்றால் முன்பக்கம் நீண்டு பின்பக்கம் சுருங்கும். அப்போது அந்த ஐந்து திறப்புகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அச்சுப் புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்து பெரிதாக்கலாமா என்று கேட்டான். கூடாது. அச்சில் படம் புள்ளிகளால் ஆனது; ஒரு அளவுக்கு மேல் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும், விவரம் வராது. புத்தகம் எந்தப் படம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நல்லது, எண்ணைக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

அஹமத்நகருக்குப் போ, ஆனால் இந்த மாடலுக்காக அவசரப்பட்டுப் போகாதே என்றேன். வடிவம் உன்னிடம் இருக்கும் தாமியா கம்பெனிக் கிட்டில் நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும், பெட்டியில் இருப்பது பிற்கால வகையான மார்க் 3/4. முதல் மட்டில்டாக்களில் டரெட்டின் இயந்திரத் துப்பாக்கி நீரால் குளிரூட்டும் விக்கர்ஸ், அதற்குத் தடித்த உறை இருக்கும். அடுத்த மார்க்கிலிருந்து மெல்லிய பீசா. நீ தேர்ந்தெடுக்கும் வண்டியின் படத்தில் இரண்டு பவுண்டர் பீரங்கிக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று பார்த்த பிறகு கத்தியை எடு.

இனி ஆரம்பத்தில் சொன்ன சிக்கல். தம்பி, அந்தக் கொடி வண்டியின் பக்கத்தில் இந்திய சிப்பாயை நிறுத்த முடியாது என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நிபெய்வாவும் சிதி பர்ரானியும் 1940 டிசம்பர் 9, 10-இல் முடிந்த கையோடு 4-ஆம் இந்திய டிவிஷனைச் சூடானுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தது 6-ஆம் ஆஸ்திரேலிய டிவிஷன். ஜனவரியில் பார்தியாவையும் தோப்ருக்கையும் மட்டில்டாக்களோடு சேர்ந்து பிடித்தது ஆஸ்திரேலியர்கள். கிளெனார்க்கி கொடியோடு நின்ற அன்றைக்கு நம் ஆட்கள் அங்கே இல்லை. படத்தின் தேதியைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இந்திய சிப்பாயும் மட்டில்டாவும் ஒன்றாக வேண்டும் என்றால் வழி இரண்டு. ஒன்று நிபெய்வா: 7-ஆம் ரெஜிமென்ட், 'ஜி' பெயர்கள், எகிப்துக்கு வந்து சில மாதமே ஆன வண்டிகள், அதனால் பெயிண்ட் உரிந்து தொங்க வேண்டாம், தூசு போதும். இன்னொன்று 1941 மார்ச்சில் எரித்ரியாவின் கெரென் மலைகள். அங்கே இந்திய டிவிஷன்களோடு போனது 4-ஆம் ரெஜிமென்ட்டின் 'பி' ஸ்குவாட்ரன். பெயர் 'டி'யில் தொடங்க வேண்டும், தரை மணலாக இருக்கக் கூடாது, பாறை. கெரென் என்றால் அடித்தளம் செய்வதே தனி வேலை, ஆனால் பார்க்க அற்புதமாக இருக்கும். நான் கெரென் என்று ஆசை காட்டிப் பார்த்தேன்.

அவன் நிபெய்வாவைத் தேர்ந்தெடுத்தான். அவன் வாங்கிய தோப்ருக் காலத்து ஸ்கேன் அதற்கும் உதவும். அதே ரெஜிமென்ட், ஆறு வாரம்தான் வித்தியாசம், கான்ட்டர் பட்டைகளின் போக்கு அதே. தேய்மானத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். சிப்பாய்களின் உடைக்கும் முகத்துக்கும் அந்த டிசம்பரில் எடுத்த 4-ஆம் டிவிஷன் படங்களைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் டிரேசிங் பேப்பரில் எடுத்த கோடுகளைப் படம் பிடித்து அனுப்பினான். மூன்றாவது திறப்பின் பின் ஓரத்தில் கோடு சரியாக ஏறியிருந்தது. காகிதத்தில் வரைந்து, கசக்கி, மடித்துத் தயாராக வைத்திருந்த இத்தாலியக் கொடியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மேலே "தோப்ருக், ஆஸ்திரேலியர்கள்" என்று எழுதி, அடுத்த மட்டில்டாவுக்கு எடுத்து வைத்திருக்கிறான்.